திரும்பத் தெரிந்தவர்கள் ஏறலாம்

நியூஸிலாந்தின் டோங்கரீரோ எரிமலைப் பாதை ஊட்டியை விட உயரம் குறைந்தது. அங்கு போகிறவர்களை ஏமாற்றுவதும் அதுதான்.

காகிதத்தில் பார்த்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. பாதையின் மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 1,886 மீட்டர்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். சிம்லாவும் ஏறக்குறைய அவ்வளவுதான். தேனிலவுத் தம்பதிகள் செருப்புக் காலுடன் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி உலாவும் உயரம். அதைவிடத் தாழ்ந்த ஒரு மலையைப் பட்டப்பகலில் நடந்து கடக்க என்ன பெரிய ஆயத்தம் வேண்டியிருக்கிறது?

நியூஸிலாந்தின் வடக்குத் தீவின் நடுவில் இருக்கும் டோங்கரீரோ தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து நடந்துவிட்டுப் போகும் பாதை. ஆகவே தாங்களும் நடந்துவிடலாம் என்று ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் அணிந்து, கையில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலுடன் வந்து இறங்குகிறவர்கள் உண்டு. மீட்புக் குழுவினருக்கு வேலை வைப்பவர்களும் இவர்களே.

முன்பு இந்தப் பாதையின் பெயர் வெறும் ‘டோங்கரீரோ கிராஸிங்’. 2007-ல் அதன் நடுவே ‘ஆல்பைன்’ என்ற சொல் செருகப்பட்டது. அழகுக்காக அல்ல. இது பூங்காவில் காலாற நடக்கிற விஷயமில்லை, உயர்மலைப் பயணம் என்பதைப் பெயரிலாவது பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

இந்தியர்களுக்கு எரிமலை என்றாலே ஒரு கவர்ச்சி. நாட்டில் உயிருள்ள எரிமலை ஒன்றே ஒன்றுதான்: அந்தமான் கடலில் இருக்கும் பேரன் தீவு. நூறாண்டுக்கும் மேலான உறக்கம் கலைந்து 1991-ல் அது வெடித்தது. அங்கு சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதி கிடையாது. எரிமலை மீது நடந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கடல் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு டோங்கரீரோ வசதியான இலக்காகத் தெரிகிறது. கயிறு வேண்டாம், கூடாரம் வேண்டாம், ஒரே பகலில் முடிந்துவிடும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் அழிவு மலையாக வந்த நவுருஹோயி சிகரம் வழியிலேயே கூம்பாக எழுந்து நிற்கிறது.

ஆனால் அந்த ஒரு பகல் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். நடக்க வேண்டிய தூரம் சுமார் 20 கி.மீ. நல்ல வானிலையில் 7 முதல் 8 மணி நேரம் ஆகும். மேற்குப் பக்கத்தில் மாங்கடேபோபோ என்ற இடத்தில் 1,120 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, பள்ளத்தாக்கு வழியாகச் சாதுவாகவே போகிறது. பிறகு ‘சாத்தான் படிக்கட்டு’ என்று பெயர் வாங்கிய செங்குத்தான ஏற்றம். அதைத் தாண்டினால் ‘தெற்குப் பள்ளம்’ என்ற அகன்ற வெட்டவெளி. மறுபடி ஏற்றம். உச்சியில் ‘ரெட் கிரேட்டர்’ எனும் சிவந்த எரிமலை வாய். அங்கிருந்து மரகதப் பச்சையில் மின்னும் ஏரிகளை நோக்கி இறங்கும் சரிவு முழுவதும் உதிரிச் சரளை. கால் வைத்தால் பாதம் நிற்பதில்லை, சறுக்குகிறது. அதன் பின் வடக்குச் சரிவில் நீண்ட இறக்கம். 760 மீட்டரில் கேடெடாஹி முனையில் பாதை முடிகிறது.

அதாவது ஏற்றம் 770 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறக்கமோ 1,100 மீட்டருக்கும் அதிகம். மூச்சு வாங்குவதைப் பற்றியே கவலைப்படுகிறவர்களை இங்கே பழிவாங்குவது முழங்கால்.

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிப் போனவர்களுக்கு இந்த ஏற்றத்தின் அளவு புதிதல்ல. அங்கே 3,550 படிகள் என்று கணக்கு. ஆனால் அங்கே வழியின் பெரும்பகுதிக்கு மேலே கூரை உண்டு. குடிநீர் உண்டு, கடை உண்டு, முடியாவிட்டால் உட்கார்ந்துகொள்ளத் திண்ணை உண்டு. டோங்கரீரோவில் இவற்றில் ஒன்றும் கிடையாது. பாதையின் பெரும்பகுதியில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. ஓடையில் ஓடும் தண்ணீர் எரிமலைத் தாதுக்கள் கலந்தது, குடிக்க லாயக்கில்லை. ஒரு நாளுக்கு வேண்டிய இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துதான் போக வேண்டும்.

எனவே தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே லிஃப்டை மறந்துவிட்டு மாடிப்படியைப் பயன்படுத்துவது நல்ல ஆரம்பம். ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பயிற்சியாக நினைக்க வேண்டும். தொடைத் தசைகளைப் பிழிந்தெடுப்பது இறக்கம்தான். வார இறுதிகளில் மலையைத் தேடிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. மும்பை, புணே தமிழர்களுக்கு அருகிலேயே சஹ்யாத்ரி இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்து இறுகிய எரிமலைக் குழம்புதான் அதன் பாறை. 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய், மகாராஷ்டிரத்தின் உயர்ந்த சிகரம். ஒரு நாளில் ஏறி இறங்கலாம். எங்கே பயிற்சி செய்தாலும், அன்று சுமக்கப் போகும் அதே பையை, அதே எடையுடன் சுமந்து, அதே காலணியை அணிந்து நடப்பது முக்கியம். புது பூட்ஸைப் பிரித்து முதல் முறையாக எரிமலையில் மாட்டுகிறவருக்குக் கொப்புளம் நிச்சயம்.

உடை விஷயத்தில் இந்தியர்களின் அனுபவ அறிவே எதிரியாகிவிடுகிறது. நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல வேறு துணி கிடையாது. ஆனால் நியூஸிலாந்து மலையில் பருத்தி ஆபத்து. வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் அது காய்வதில்லை. உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைப் பனியன், அதன் மேல் ஒரு கதகதப்பான அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என்பது அங்குள்ள வழக்கம். கோடையானாலும் குல்லாயும் கையுறையும் பையில் இருக்க வேண்டும். குடை எடுத்துப் போய்ப் பயனில்லை. முதல் காற்றிலேயே அது கம்பிக்கூடு.

ஊட்டியில் இல்லாத குளிர் அங்கே ஏன் என்ற கேள்விக்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே. டோங்கரீரோ 39 டிகிரி தெற்கே. சுற்றிலும் கடல், காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்கும் மேல் குறைகிறது. காற்று பலமாக வீசினால் உடம்பு உணரும் குளிர் பல மடங்காகும். காலையில் பளிச்சென்று இருந்த உச்சி மதியத்துக்குள் மேகத்தில் மறைந்து, அடுத்த வழிகாட்டிக் கம்பம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு.

இன்னொரு கணக்கும் இந்தியர்களுக்குத் தலைகீழ். இங்கே பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அங்கே மே மாதம் குளிர்காலத்தின் வாசல். அக்டோபர் வரை பாதையில் பனியும் பனிக்கட்டியும் இருக்கலாம். அப்போது போக வேண்டுமானால் பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடரியும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டியும் வேண்டும். முதல்முறை செல்பவர்களுக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான்.

இவையெல்லாம் எந்த மலைக்கும் பொருந்தும். காலடியில் இருப்பது எரிமலை என்பது தனி அத்தியாயம்.

2012 ஜூலையில் டோங்கரீரோவின் அடியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் பதிவாயின. ஆகஸ்ட் 6-ம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, நூறாண்டுக்கும் மேலாக மௌனமாக இருந்த டே மாரி என்ற வாய் வெடித்தது. பறந்து வந்த பாறைகள் கேடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்துப் படுக்கைகளை நொறுக்கின. குளிர்கால இரவானதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 21-ம் தேதி மீண்டும் ஒரு வெடிப்பு. இம்முறை பிற்பகல் நேரம். பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் பாதையின் திறந்திருந்த பகுதியில் இருந்தார்கள். அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை. முழுப் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது 2013-ல்தான்.

எல்லா இடத்திலும் அதிர்ஷ்டம் கைகொடுப்பதில்லை. ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 ஒரு சனிக்கிழமை. இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்க வந்த கூட்டம் உச்சியில் இருந்தபோது, நண்பகலுக்குச் சற்று முன் மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். ஐந்து பேர் கிடைக்கவே இல்லை. அன்று அந்த மலையின் எச்சரிக்கை அளவு மிகக் குறைந்தபட்சமான ஒன்று. அதற்கு ‘சாதாரண நிலை’ என்று பொருள். அடுத்த ஆண்டே ஜப்பான் ‘சாதாரணம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் வைக்கச் சொல்லும் வாசகத்தைப் போட்டது. நியூஸிலாந்திலேயே, 2019 டிசம்பர் 9-ல் வகாரி தீவு வெடித்தபோது அங்கிருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய வெடிப்புகளில் காரணகர்த்தா பெரும்பாலும் தண்ணீர்தான். பூமிக்கடியில் சூடேறி அடைபட்டுக் கிடக்கும் நீர், அழுத்தம் விலகியதும் கணத்தில் ஆவியாகி மேலிருக்கும் பாறையைத் தூக்கியெறிகிறது. குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு போவதைப் போல. முன்னறிவிப்பு மிகக் குறைவு. சில சமயம் எதுவுமே இல்லை. நியூஸிலாந்தின் ‘ஜியோநெட்’ அமைப்பு ஒவ்வொரு எரிமலைக்கும் 0 முதல் 5 வரை எச்சரிக்கை அளவு அறிவிக்கிறது. கிளம்பும் முன் வானிலையுடன் சேர்த்து அதையும் பார்ப்பது கட்டாயம். ஆனால் பூஜ்யம் என்றால் ஆபத்தும் பூஜ்யம் என்று பொருளல்ல. பாதையில் மின் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. சிவப்பு விளக்கு மின்னினால் மேலே போகக்கூடாது. நடந்துகொண்டிருக்கும்போதே வெடித்தால் முதலில் நின்று, பறந்துவரும் கற்களைப் பார்க்க வேண்டும். பையைத் தலைக்கு மேல் பிடித்து, பாறை மறைவில் ஒடுங்க வேண்டும். கல்மழை ஓய்ந்ததும் எரிமலை வாயிலிருந்து விலகி ஓட வேண்டும், பள்ளத்தாக்குகளைத் தவிர்த்து. சேறும் வாயுவும் தேடிப் போகும் வழி அதுதான். ரெட் கிரேட்டர் அருகே கந்தக நெடி எப்போதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே நின்று போட்டோ எடுக்காமலிருப்பது நல்லது.

மலைக்குச் சொந்தக்காரர்களின் சொல்லையும் தயாரிப்பில் சேர்க்க வேண்டும். 1887-ல் மாவோரிகளின் டூஃபாரெடோவா இனத் தலைவர் டே ஹியூஹியூ டுகினோ இந்தச் சிகரங்களை நாட்டுக்குக் கொடையாகத் தந்தார். நியூஸிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படிப் பிறந்தது. அவர்களுக்கு இந்தச் சிகரங்கள் மூதாதையர்; ஏரிகள் புனிதம். நவுருஹோயி, டோங்கரீரோ உச்சிகளில் ஏற வேண்டாம், ஏரி நீரைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கோவில் குளத்தில் சோப்புப் போடாதே என்றால் புரிந்துகொள்ளும் இந்தியருக்கு இது விளங்காமல் போகாது.

இத்தனைக்கும் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் கார்களை 4 மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாது. எனவே பெரும்பாலோர் வேன் சேவையில் வந்து இறங்கி, மறுமுனையில் வேன் ஏறுகிறார்கள். ஏற்பாடு கச்சிதம்தான். ஆனால் அது நடப்பவரை முன்னோக்கியே தள்ளுகிறது. காற்று கிளம்பிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, திரும்புவதுதான் புத்திசாலித்தனம் என்று தெரிந்தாலும், வேன் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறதே என்ற நினைப்பு காலை முன்னே வைக்கச் சொல்கிறது. கூடவே, நாளை மறுநாள் ஆக்லாந்தில் விமானம்.

ஆகவே அனுபவசாலிகள் இரண்டு காரியம் செய்கிறார்கள். பாதியில் திரும்பினால் தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை மணிக்கு ஏற்றிக்கொள்வீர்கள் என்று வேன்காரரிடம் முன்பே கேட்டு வைக்கிறார்கள். பயணத் திட்டத்தில் ஓர் உபரி நாளை ஒதுக்குகிறார்கள். ஒரு நாள் ஓட்டல் வாடகை போகும். ஆனால் கடையில் கிடைக்கும் எந்த ஜாக்கெட்டை விடவும் அது உயிரைக் காக்கும்.

சாத்தான் படிக்கட்டு தொடங்கும் முன் ஒரு பலகை நிற்கிறது. நில் என்று ஆரம்பித்து, வானிலை சரியாக இருக்கிறதா, சரியான உடை இருக்கிறதா, உடம்பு தாங்குமா என்று நடப்பவரையே விசாரிக்கிறது. ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் திரும்பிவிடச் சொல்கிறது. அங்கே நின்று நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தவர்தான் உண்மையில் தயாரானவர்.

மலை எங்கே போய்விடும், நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்வதுண்டு. எரிமலை விஷயத்தில் அதற்கும் உத்தரவாதமில்லை. ஆனால் திரும்பி வந்தவர் நாளைக்கும் இருப்பார்.