கடைசித் தட்டுத் தேயிலை

இரத்தினபுரியிலோ பலாங்கொடையிலோ கேகாலையிலோ சூப்பர் மார்க்கெட் ஒன்றின் தேயிலை அடுக்குக்கு முன்னால் நின்றால், கண் மட்டத்தில் பெயர் பெற்ற கம்பனிகளின் பெட்டிகள் மினுங்கும். குனிந்தால்தான் கடைசித் தட்டு தெரியும். அங்கே இருப்பது அந்தக் கடையே தன் பெயரைப் போட்டு விற்கும் தூள் பொதி. அதற்கு விளம்பரமும் இல்லை, படம் போட்ட தகரப் பேணியும் இல்லை. விலை மட்டும் குறைவு. மாதச் சாமான் வாங்கத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த அக்கா நேரே அதைத்தான் எடுப்பார். பக்கத்தில் நிற்கும் உத்தியோகத்தரோ கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். மலிவென்றால் மட்டம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பாதிதான் சரி. மற்றப் பாதியைப் புரிந்துகொள்ள, தேயிலைக்கு விலை எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, ருகுண ஆகியவற்றோடு இலங்கைத் தேயிலைச் சபை அடையாளம் கொடுத்திருக்கும் ஏழாவது தேயிலைப் பிரதேசம் சப்ரகமுவ. இங்கே தேயிலை 2,500 அடிக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. கொழும்புச் சந்தைக் கணக்கில் 2,000 அடிக்குக் கீழே விளைவதெல்லாம் தாழ்நிலத் தேயிலை. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அதுதான். எஹலியகொடை, காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பக்கத்து மழையும் வெக்கையும் கொழுந்தை விறுவிறுவென்று வளர்த்துவிடும். மலையுச்சித் தேயிலையின் மெல்லிய வாசம் இதில் வராது. பதிலுக்குக் கனம் வரும். சாயம் மஞ்சளும் தவிட்டு நிறமும் கலந்து ஓரத்தில் சிவப்புத் தட்டும். காய்ச்சிய சீனிப்பாகின் மணம் லேசாக இருக்கும். ருகுணத் தேயிலையின் அளவுக்குக் கடுமை இருக்காது.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெட்டியில் ஏறிக் கப்பலில் போகும் தேயிலைக்கும் கடைசித் தட்டுத் தூளுக்கும் தாய் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே நாளில் பறித்த கொழுந்து ஒரே தட்டில் வாடி, ஒரே ரோலரில் அரைபட்டு, ஒரே மேசையில் புளித்து நிறம் மாறி, ஒரே அடுப்பில் காய்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கும். பிரிவினை அதற்குப் பிறகுதான், சல்லடையில். நீண்டு முறுகிய இலை ஓ.பி., ஓ.பி. 1 என்று போகும். உடைந்தது பி.ஓ.பி., இன்னும் சிறியது பி.ஓ.பி.எஃப்., அடியில் விழுவது டஸ்ட். நுனிமொட்டு மின்னும் சிறு இலையைத் தனியாகப் பிரித்து எஃப்.பி.ஓ.பி.எஃப். எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் என்று நீளமான பெயர் வைப்பார்கள். இரத்தினபுரி மாவட்டத்து நியூ விதானகண்ட தொழிற்சாலையின் அந்த ரகத்தை வெளிநாட்டுத் தேயிலைக் கடைகள் தொழிற்சாலைப் பெயரைச் சொல்லியே விற்கின்றன.

இந்தப் பெயர்கள் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்கின்றன. ருசியைப் பற்றி அவை பேசுவதில்லை.

தாழ்நிலத் தேயிலையில் தோற்றத்துக்கே காசு. அந்த விலை விழுவது கொழும்பு ஏலத்தில். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று சமர்வில் கம்பனியின் இடத்தில் நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது அது இணைய ஏலமாக மாறியது. தாழ்நில இலைத் தேயிலையைப் பெரிதாக வாங்குபவர்கள் ஈராக், துருக்கி, ரஷ்யா, ஈரான் போன்ற நாடுகளின் சந்தைகளுக்கு அனுப்புபவர்கள். அங்கே இலை கறுப்பாக, நீளமாக, ஒரே சீராக முறுகியிருக்க வேண்டும். ஈரானுக்குச் செலுத்தவேண்டியிருந்த 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 இலட்சம் டொலர் வீதம் தேயிலையாகவே கழிப்பதென்று 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. கறுத்து முறுகிய நீள இலைக்கு ஏலத்தில் கிடைக்கும் மதிப்பு அதே மூட்டையிலிருந்து விழுந்த தூளுக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் தூள் ருசி கெட்டுவிடாது. சொல்லப்போனால், சிறிய துணுக்கில் தண்ணீர் படும் பரப்பு அதிகம். சாயம் சீக்கிரமும் கனமாகவும் இறங்கும். பிளேன்டீக்கும் பால் தேத்தண்ணிக்கும் அதுதான் தோது. கம்பனிக்காரர்களே கடைத் தேத்தண்ணிக்குத் தூளைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

அப்படியானால் மலிவுப் பொதியை எப்படி மதிப்பிடுவது? தொழில்முறைச் சுவைஞர்கள், அதாவது டீ டேஸ்டர்கள், செய்வதைப் பார்க்கலாம்.

கொழும்புத் தரகர் கம்பனியின் சுவைக் கூடத்தில் நீண்ட மேசை; வடக்கு வெளிச்சம் விழுந்தால் நல்லது. ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பொருள்: காய்ந்த இலை, ஊறிய இலை, சாயம். பல்வரிசை போன்ற விளிம்புள்ள வெள்ளைப் பீங்கான் குவளை, அதற்கு மூடி, பக்கத்தில் கிண்ணம். உலகத் தர நிர்ணய நிறுவனம் இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற விதியை 1980இல் வெளியிட்டது. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, அப்போதுதான் கொதித்த தண்ணீர், 6 நிமிடம், அவ்வளவுதான். இதன் மூலமான பிரித்தானியத் தர விதிக்கு, தேத்தண்ணி போட ஆறு பக்கமா என்று கேலி செய்து 1999இல் இக் நோபல் இலக்கியப் பரிசு கொடுத்தார்கள். கேலி ஒருபக்கம் இருக்கட்டும். இந்த விதி நல்ல தேத்தண்ணி போடுவதற்கானதல்ல. ஒரே மாதிரிப் போட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்பதற்கானது. ஆறு நிமிடம் ஊறிய தேத்தண்ணியைக் குடித்து ரசிக்க யாருக்கும் முடியாது. குறைகளெல்லாம் வெளியே வந்து நிற்க அந்த ஆறு நிமிடம் தேவை.

நேரம் முடிந்ததும் குவளையைக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். ஊறிய இலை மூடியின் மேல் ஏறும். அது புதுச் செப்புக் காசின் நிறத்தில் இருந்தால் புளிக்க வைத்தது சரி. பச்சையடித்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள், கறுத்துக் கிடந்தால் தாமதித்திருக்கிறார்கள். பிறகு கரண்டி. சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை ‘ஸ்ர்ர்ர்’ என்று காற்றோடு உறிஞ்சி நாக்கு முழுவதும் தெறிக்க விட்டு, மூக்கின் பின்வழியே மணத்தை இழுத்து, எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். வீட்டில் பிள்ளைகளை இதற்காகத்தான் அதட்டுகிறோம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைக்கும் தேயிலைக்காரர் விழுங்கினால் இரவில் தூங்க முடியாது.

அவர் தேடுவது என்ன? கொழுந்து அரைபட்டுக் காற்றோடு சேரும்போது தியாஃபிளவின், தியாருபிஜின் என்ற இரண்டு வகைப் பொருள்கள் உருவாகின்றன. முதலாவது பொன்மஞ்சள், சாயத்தின் பளபளப்பும் நாக்கைச் சுண்டும் துடிப்பும் அதன் வேலை. இரண்டாவது சிவப்பும் தவிடும். நிறமும் கனமும் அதனால் வருபவை. தாழ்நாட்டு வெக்கையில் புளிப்பு வேகமாக ஓடும். கவனம் தப்பினால் தியாஃபிளவின் கரைந்து சாயம் மங்கிவிடும். சுவைஞர்கள் இதை ‘டல்’ என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். நல்ல சாயம் ஆறும்போது மேலே பாலாடைபோல் கலங்கும். தியாஃபிளவினும் கஃபீனும் கைகோத்துப் பிரிவதால் வரும் கலங்கல் அது. பார்ப்பவர் அழுக்கென்று நினைக்கலாம், உண்மையில் அது நற்சான்றிதழ்.

இதை வீட்டில் செய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. கடைப் பெயர்ப் பொதி ஒன்றும், வழக்கமாக வாங்கும் பிரபல பொதி ஒன்றும் போதும். அளவில் ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைக் கோப்பை, ஒரே கரண்டியால் மட்டமாக வழித்த தூள், ஒரே கேத்தல் தண்ணீர், ஒரே நேரம். எது எது என்று தெரியாமல் இன்னொருவர் கோப்பையை மாற்றி வைக்க வேண்டும். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். சீனி போடக்கூடாது, பாலும் கூடாது.

விலை குறைந்த பொதியில் பெரும்பாலும் தெரியும் குறை வாசமின்மை. மூக்கில் எதுவும் ஏறாது. நாக்கில் கனமும் துவர்ப்பும் மட்டும் நிற்கும். இது குற்றமல்ல, விலைக்கேற்ற இயல்பு. வேறு சில குறைகளுக்கு மன்னிப்புக் கிடையாது. அடுப்பு ஆறியதால் வெந்த கீரைத்தண்ணிபோல் இருப்பது ஒன்று. தாழ்நாட்டுத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் விறகு எரிப்பவை. அடுப்பில் வெடிப்பு இருந்தால் தேயிலையில் புகை ஏறும், கருகல் வரும். எல்லாவற்றையும்விட மோசமானது ஈரம். அடுப்பிலிருந்து இறங்கும்போது தேயிலையில் 3 வீதமளவு ஈரம்தான் இருக்கும். அதை இரத்தினபுரி மழையில் வாய் திறந்த சாக்கில் வைத்துவிட்டால் ஊதுபத்தி, கருவாடு, சவர்க்காரம் என்று பக்கத்திலிருக்கும் எல்லா மணத்தையும் இழுத்துக்கொண்டு தன் ருசியை விட்டுவிடும். சில்லறைக் கடையில் நிறுத்து மெல்லிய பொலித்தீன் பையில் கட்டித் தரும் தூள் இங்கேதான் தோற்கிறது. வெள்ளித்தாள் உட்பூச்சுள்ள கடைப் பெயர்ப் பொதி அதைவிட மலிவாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதற்குத் திகதி இருக்கும், மூடி இருக்கும், கேட்பதற்கு ஆளும் இருப்பார்.

கலப்படத்தைச் சொல்லாமல் விட முடியாது. சல்லடையில் கடைசியாக மிஞ்சும் நாரும் தண்டும் தூசியும் கழிவுத் தேயிலை. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதும் 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குற்றம். அப்படியும் லொறியோடு பிடிபட்ட செய்தி வராத வருடம் இல்லை. கறுப்பும் நிறையும் கூட வேண்டுமென்று கொழுந்தில் சீனி தூவிய தொழிற்சாலைகள் மீது தேயிலைச் சபை நடவடிக்கை எடுத்ததும் உண்டு. சாயம் பூசிய தூளைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஈரமான வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவிப் பொறுத்திருந்தால், கலப்படச் சாயம் உடனே கறையாகப் படரும். நல்ல தேயிலை பச்சைத் தண்ணீரில் அவ்வளவு அவசரமாக நிறம் விடாது. இரும்புத்தூளுக்கு ஒரு காந்தம் போதும். பொதியில் வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள். ஆனால் அதை ஏற்றுமதிப் பெட்டிகளில்தான் அதிகம் காணலாம்.

இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. ரூபாயும் விழுந்தது. அந்த நாட்களில் கடைசித் தட்டுப் பொதிகூட மலிவாக இல்லை.

இந்தப் பிரதேசத்தில் தேயிலையை அதிகம் சுவைப்பவர் யார் என்று கேட்டால், சுவைக் கூடத்து ஐயா இல்லை. விடியற்காலை லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டி, பெரட்டுக்குப் போகுமுன் பிளேன்டீ ஊற்றும் பெண். கேகாலைப் பக்கத்தில் இருட்டோடு இறப்பர் பால் வெட்டப் புறப்படும் மனிதர். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். கித்துள் கருப்பட்டித் துண்டு கிடைத்தால் அது திருநாள். தோட்டம் மாதாமாதம் கொடுக்கும் தூளின் விலை பல இடங்களில் சம்பளச் சீட்டில் கழிபடுகிறது. நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் நல்ல இலை வாங்கிக் குடி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களின் நாக்கு ஏமாறுவதில்லை. “சாயம் இருக்கு, சாரம் இல்ல” என்று ஒரே வாயில் தள்ளிவிடும் மதிப்பீடு, சுவைஞர் எழுதும் குறிப்பைவிடக் குறைந்ததல்ல. நிறம் மட்டும் காட்டும் தூள் எது, நாக்கில் நிற்கும் தூள் எது என்று கொழுந்து பறித்த கைக்குத் தெரியும்.

வாசமும் நுணுக்கமும் வேண்டுமென்றால் கடைசித் தட்டில் தேட வேண்டாம். அதற்கு நுவரெலியாவோ நுனிமொட்டு ரகமோ வாங்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். தினசரி பிளேன்டீக்கும் பால் தேத்தண்ணிக்கும் அண்மையில் பொதி செய்த, நார் தெரியாத, பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் என்று ரகம் போட்ட கடைப் பெயர்ப் பொதி தாராளமாகப் போதும். குறைந்த விலைக்குக் கூடுதல் சாயம் தருவது அதுதான். ரகமும் திகதியும் போடாத பொதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத போத்தலில், மசாலாவுக்கும் கருவாட்டுக்கும் தூரமாக வையுங்கள். புதுப் பொதியின் முதல் மிடறை மட்டும் சீனி இல்லாமல் குடித்துப் பாருங்கள்.