அந்த ஃபைல் எங்கே இருக்கிறது?
வீட்டுக் கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தப் பழகுவோம்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் மாலை நேரம் கூட்டமாக இருக்கும். சென்ற முறை கடைசி நாளன்று ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று நான்கையும் முதல் நாள் இரவே வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் போட்டு எடுத்து வந்திருந்தாள். செருகிப் பார்த்தால் நான்கும் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் அளவும் 2 கேபி.

அந்தப் பிள்ளை எடுத்து வந்தது ஃபைல்களை அல்ல, அவற்றின் ஷார்ட்கட்டுகளை. உண்மையான ஃபைல்கள் அண்ணனுடைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. அண்ணன் பெங்களூரில், டிஸ்க்கும் அவரோடு. அசல் மதிப்பெண் பட்டியல் கல்லூரி அலுவலகத்தில். அன்று இரவு தளம் மூடிவிட்டது. அந்த ஆண்டுத் தொகை கிடைக்கவில்லை. "கம்ப்யூட்டர்லதானே இருக்கு, எங்கே போயிடப் போவுதுன்னு இருந்துட்டோம்" என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். கம்ப்யூட்டரை ஆன் செய்யவும் யூடியூப் பார்க்கவும் தெரியும், ஆனால் "அந்த ஃபைல் எங்கே?" என்று கேட்டால் கை நின்றுவிடும் என்பவர்களுக்கான கட்டுரை இது. குறிப்பாக, கணவரோ மகனோ வெளிநாட்டில் இருக்க, வீட்டுக் காகிதம் அத்தனைக்கும் பொறுப்பாக இருக்கும் தாய்மார்களுக்கு. இதில் சொல்வது விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டருக்குப் பொருந்தும்.

மஞ்சள் பையும் கம்ப்யூட்டரும்

நம் வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கும். ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்போர்ட், நிக்காஹ் சான்று எல்லாம் அதில்தான். அதில் உள்ள ஒவ்வொரு காகிதமும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். காகிதங்களைப் பிரித்துப் போடும் உறைதான் ஃபோல்டர். உறைக்குள் இன்னொரு சிறு உறை வைப்பது போல ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கலாம். பீரோதான் டிரைவ், சி டிரைவ், டி டிரைவ் என்று பெயர்கள் தெரியும். அடிப்படை இவ்வளவுதான்.

கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே 'இ' எழுத்துள்ள பொத்தானைத் தட்டுங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். அதன் இடப்பக்கம் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற பெயர்கள் இருக்கும். இவை நாம் உருவாக்காமலே வந்தவை.

டவுன்லோட்ஸ் என்பது வீட்டுத் திண்ணை. இணையத்திலிருந்து இறக்குவது எதுவும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் வந்து உட்காரும். திண்ணையில் யாரும் பத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போவதில்லை. இ-சேவை தளத்திலிருந்து சான்றிதழை இறக்கினால், அன்றே அதை உள்ளே எடுத்துச் சென்று வைத்துவிட வேண்டும்.

டெஸ்க்டாப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கண் முன்னால் இருப்பதால் அதுதான் பாதுகாப்பான இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சி டிரைவுக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டர், அவ்வளவே. கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று கடையில் கொடுக்கிறோம். அவர் பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார். டெஸ்க்டாப்பில் வைத்த அத்தனையும் அதோடு போய்விடும். டாக்குமென்ட்ஸும் வழக்கமாகச் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதால் அதற்கும் இதே ஆபத்து உண்டு. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பிரதி எடுத்துவிடுங்கள். "டேட்டா வேணுமாம்மா?" என்று அவர் கேட்பார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஒருவருக்கு ஒரு ஃபோல்டர்

டாக்குமென்ட்ஸைத் திறந்து, காலி இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். நியூ, அதில் ஃபோல்டர். 'குடும்பம்' என்று பெயரிடுங்கள். அதற்குள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். ஆதாருக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று என்று காகிதத்தின் வகைப்படி பிரிப்பவர்களும் உண்டு. எங்கள் அனுபவத்தில் ஆள்வாரியாகப் பிரிப்பதே எளிது. விண்ணப்பம் என்று வந்தால் ஒரே ஆளின் ஐந்தாறு காகிதங்கள்தானே ஒன்றாகத் தேவைப்படுகின்றன.

ஃபோல்டருக்கு ஆளின் பெயரையே வையுங்கள், உறவுமுறையை வைக்க வேண்டாம். ஒரு கூட்டுக் குடும்பத்தில் 'வாப்பா' என்று இரண்டு ஃபோல்டர்கள் பார்த்தோம். ஒன்று பேரன் தன் வாப்பாவுக்குப் போட்டது, மற்றது அந்த வாப்பா தன் வாப்பாவுக்குப் போட்டது. பெரியவரின் ஆயுள் சான்றுக்காகத் தேடியபோது மகனின் ஆதாரே திரும்பத் திரும்ப வந்தது.

இவற்றோடு இன்னும் மூன்று ஃபோல்டர்கள் போடச் சொல்வோம். ஒன்று 'வீடு': பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு. இரண்டாவது 'மர்ஹூம்': மவுத்தானவர்களின் காகிதங்கள். ஆள் போய்விட்டார் என்று அவருடைய ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய ஆதார் நகல் எல்லாம் பட்டா மாற்றும்போதும் வங்கிக் கணக்கை முடிக்கும்போதும் பல வருடம் கழித்தும் கேட்கப்படும்.

மூன்றாவது 'கொடுக்கல் வாங்கல்'. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது நாம் அறிந்ததே. சொத்தைப் பங்கிடும் முன் இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும் என்பதும் தெரிந்ததே. ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் வாரிசுகள் என்ன செய்வார்கள்? கையெழுத்திட்ட தாளைப் போனில் படமெடுத்து இந்த ஃபோல்டரில் வையுங்கள். கடன் அடைந்ததும் அதையும் குறித்து வையுங்கள். படம் இருக்கிறது என்று தாளைத் தூக்கிப் போட வேண்டாம்; சாட்சி சொல்வது அந்தத் தாள்தான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டாம். மூன்று அடுக்கு போதும்.

பெயர் சொல்லும் பெயர்

ஸ்கேன் எடுத்த ஃபைலுக்குக் கம்ப்யூட்டர் 'ஸ்கேன் 0001' என்று பெயர் வைக்கும். அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் நாற்பது ஸ்கேன் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஃபைல் மேல் ஒருமுறை கிளிக் செய்து எஃப்2 பொத்தானைத் தட்டினால் பெயரை மாற்றலாம். யாருடையது, என்ன காகிதம், எந்த ஆண்டு என்ற மூன்றும் பெயரில் இருக்கட்டும்: 'பாத்திமா-வருமானச்சான்று-2025' என்பது போல. ஆண்டு ஏன் முக்கியம் என்றால், தமிழ்நாட்டில் வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். 'வருமானச்சான்று' என்று மட்டும் எழுதி வைத்தவர்கள் முந்தைய வருடத்துச் சான்றை அனுப்பி விண்ணப்பம் தள்ளுபடியானதைப் பார்த்திருக்கிறோம். பாஸ்போர்ட்டாக இருந்தால் முடியும் ஆண்டை எழுதுங்கள். ஹஜ், உம்ரா நிய்யத் வைத்தவர்களுக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது நல்லது.

தேதி போடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-06-14 என்று எழுதினால் ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 14/06/2025 என்று சாய்கோடு போட்டு எழுத முயன்றால் விண்டோஸ் ஏற்காது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றையும் ஏற்காது. தமிழில் பெயர் வைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் சில விண்ணப்பத் தளங்கள் தமிழ் எழுத்துள்ள பெயரைத் திருப்பிவிடுகின்றன. ஆகவே அனுப்ப வேண்டிய சான்றுகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது நல்லது. 'நியூ', 'ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைப்பதை விட்டுவிடுவோம். இன்றைய நியூ அடுத்த மாதம் பழசு.

காப்பி, கட், ஷார்ட்கட்

முதலில் சொன்ன அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருவோம். டெஸ்க்டாப்பில் ஒரு படத்தின் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். கடை வீதியில் 'இந்தச் சந்தில் செல்லவும்' என்று எழுதிய பலகை போன்றது. பலகையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனால் கடை கூடவே வராது. அதன் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ஓபன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தால் உண்மையான ஃபைல் இருக்கும் இடம் திறக்கும். அங்கிருந்து காப்பி எடுங்கள். அளவையும் ஒருமுறை பாருங்கள். ஸ்கேன் எடுத்த சான்று பொதுவாக நூறு கேபிக்குக் குறையாது. 1 கேபி, 2 கேபி என்றால் சந்தேகப்படுங்கள்.

கன்ட்ரோல் பொத்தானோடு 'சி' தட்டினால் காப்பி, 'எக்ஸ்' தட்டினால் கட், போட வேண்டிய இடத்தில் 'வி' தட்டினால் பேஸ்ட். காப்பியில் மூலம் அங்கேயே இருக்கும், கட்டில் இடம் மாறிவிடும். பென்டிரைவுக்கு எப்போதும் காப்பி மட்டும் செய்யுங்கள். மவுஸால் இழுத்துப் போடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் பிரதியாகும். கை தவறிவிட்டால் பதற வேண்டாம், உடனே கன்ட்ரோலோடு 'இசட்' தட்டினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். பென்டிரைவில் போட்ட பிறகு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன், பென்டிரைவில் இருந்தே ஒவ்வொரு ஃபைலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

வாட்ஸ்அப்பில் சான்றிதழ் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், எழுத்து மங்கும். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்து அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும்.

அழிப்பதும் அமானிதம்தான்

வீட்டுக் கம்ப்யூட்டரில் அழித்தது ரீசைக்கிள் பின் என்ற தொட்டிக்குப் போகும். அங்கிருந்து 'ரீஸ்டோர்' செய்து மீட்கலாம். ஆனால் பென்டிரைவில் அழித்தது பொதுவாக அந்தத் தொட்டிக்கு வராது, அப்படியே போய்விடும்.

வெளியே பிரவுசிங் சென்டரில் வேலை முடித்த பிறகு இது தலைகீழ். அங்கே நம் ஆதாரும் நம் பெண் பிள்ளைகளின் போட்டோவும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் கிடக்கும். அடுத்து உட்காருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. கிளம்பும் முன், நம் ஃபைல்களை மட்டும் தேர்ந்து, ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு டெலீட் அழுத்துங்கள். தொட்டிக்குப் போகாமல் நேரே அழியும். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அதையும் அழிக்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது வீடு

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் நனைந்து போயின. நகல் சான்று கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. தண்ணீருக்கு மஞ்சள் பையும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆகவே 'குடும்பம்' ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி செய்து, வேறு ஊரிலோ வேறு தெருவிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். ரமழானில் ஜகாத் கணக்குப் பார்க்கும் அன்றே அதையும் புதுப்பித்துவிட்டால் மறக்காது. கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் கூகுள் டிரைவிலும் வைக்கலாம், 15 ஜிபி வரை கட்டணமில்லை.

ஒன்றிய அரசு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரையும் பயன்படுத்துங்கள். துறைகளே அதில் நேரடியாக வழங்கும் சான்றுகள் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் வெறும் போனோடு கிளம்பிப் போய் அலைந்தவர்கள் உண்டு.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, வீட்டில் இன்னொருவரை உட்கார வைத்து, "மூத்தவளின் மதிப்பெண் பட்டியலை எடு" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் உதவி இல்லாமல் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று ஒரு தாளில் எழுதிப் பீரோவுக்குள் ஒட்டி வையுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டைத் தனியாக ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சவூதியிலோ துபாயிலோ இருக்கும் மகனுக்கு நள்ளிரவில் போன் போடும் வேலை குறையும்.

செய்து பார்த்து எங்காவது நின்றுவிட்டால், இன்ஷா அல்லாஹ், பென்டிரைவோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். சனிக்கிழமைகளில் அஸர் முதல் மஃரிப் வரை சகோதரிகளுக்கு, மஃரிபுக்குப் பின் ஆண்களுக்கு. பென்டிரைவில் ஃபைல்கள் திறக்கின்றனவா என்று மட்டும் வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.