உப்புக் காற்றில் ஒரு ஜீப் (சில்லு உருண்ட கதை – 9)

போன சனிக்கிழமை காலை, கல்முனை வீதியோரக் கராஜ் ஒன்றில் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். நெற்றிக்கு ஒரு சாண் மேலே 2018ஆம் ஆண்டு ஜேர்மன் ஜீப்பொன்றின் வயிறு. வெளியே நின்று பார்த்தால் முத்து வெள்ளை. இறால் வாடிக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வந்து இறங்கலாம் போல ஒரு மினுக்கம். கராஜ் பாஸ் திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, புகைக்குழாய் இணைப்பில் இரண்டு தட்டுத் தட்டினார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. கொஞ்சம் என் கண்ணுக்குள்ளும் போனது.

"கடக்கரைப் பக்கம் நிண்ட வண்டி சேர். மேல பெயின்ற்றப் பார்த்துக் காசக் குடுத்திராதீங்க" என்றார்.

இந்த வாரம் ஓட்டோவின் வருகையைப் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். அக்காவின் மகன் தோஹாவில் இருந்து ஆறு கிழமை லீவில் வந்து இறங்கியதால் ஜீப் முந்திக்கொண்டது. அவனுடைய தேவை இது: "கார் வேணாம் மாமா. அம்மாக்கு முழங்கால மடக்கிக் குனிஞ்சு ஏற ஏலாது. உசரமா இருக்கோணும். ஆனா பெரிசும் வேணாம், நம்மட ஒழுங்கைக்குள்ள திருப்ப ஏலாது. உள்ளுக்க கொஞ்சம் சொகுசாவும் இருக்கோணும்." உலகத்துக் கம்பனிகள் எல்லாம் காசைக் கொட்டி ஆராய்ந்து கண்டெடுத்த ஒரு வண்டி வகையை, அக்காவின் முழங்காலை வைத்தே சொல்லி முடித்துவிட்டான். குறுக்கி வெட்டிய சொகுசு கிராஸ்ஓவர் என்பது இவ்வளவுதான். காரின் உடம்பு, ஜீப்பின் உயரம், பெரிய வண்டியின் உள்ளலங்காரம். பழைய ஜீப்புகளைப் போல ஏணிச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்த கூடு அல்ல.

ஆனாலும் நம் ஊரில் உயரமாக நின்றால் அது ஜீப். உயரமான வண்டி என்றால் ஒரு காலத்தில் கச்சேரியின் லேண்ட்ரோவர். பிறகு பஜிரோ. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்த வீதியால் போன வெள்ளை லேண்ட்குரூசர்களை எண்ண முடியாது. கதவில் ஒரு சின்னம், கூரையில் நீண்ட அன்ரனா. அதற்கும் பிறகு தீர்வைச் சலுகைப் பேமிட்டில் வந்த டாக்டர்மாரின், பெரிய அதிகாரிகளின் வண்டிகள். நமக்கு மேலே இருப்பவர்கள் ஏறிப்போகிற வண்டி என்றே அது மனதில் பதிந்து கிடந்தது. 2014இல் ஹொண்டா வெசல் வந்து அதை உடைத்தது. ஜப்பானில் 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்த வண்டி, அடுத்த வருஷமே மட்டக்களப்பு வீதிகளில் வாத்தியார்மாரும் வங்கி முகாமையாளர்களும் ஓட்டுகிற ஜீப் ஆகிவிட்டது. ஜப்பான்காரரின் உதவியில் கட்டிய மண்முனைப் பாலம் திறந்ததும் அதே 2014இல்தான். அதுவரை கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் வாகனத்தைப் பாதைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்தோம். பாலத்தையும் வெசலையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு மட்டும்தானோ தெரியாது.

புதுசு வாங்குவதா, பழசு வாங்குவதா என்று மருமகன் கேட்டான். இந்தக் கேள்விக்கு இலங்கையில் மூன்று பதில் உண்டு. முகவரிடம் எடுக்கிற பிராண்ட் நியூ ஒன்று. இங்கே ஏற்கனவே பதிந்து, நம்மவர் ஓட்டிக் கழித்தது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ரீகண்டிஷன். ஜப்பானில் ஒருவர் இரண்டு, மூன்று வருஷம் ஓட்டிவிட்டு ஏலத்தில் விட்டதை இங்கே இறக்கி, முதன்முதலாக இலக்கத் தகடு அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சில்லில் நசித்து, "புதுக் கார்" என்று கொண்டுவருகிறோம். ஜப்பானில் புதுக் காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாவது வருஷம் வருகிறது. அதற்குச் செலவழிப்பதைவிட விற்றுவிட்டு வேறு எடுப்பது பலருக்கு இலாபம். நம் சுங்கமும் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட காரை உள்ளே விடாது. அங்கே அவர்கள் கைவிடுகிற வயதும் இங்கே நாம் ஏற்கிற வயதும் ஒன்றாகப் பொருந்திக்கொண்டதில் ஒரு பெரிய வியாபாரமே வளர்ந்து நிற்கிறது.

இனி, கொஞ்சம் இலக்கம் பார்ப்போம். ஔடி கியூ2 – 999 சிசி. டொயோட்டா ரைஸ் – 996. பிஎம்டபிள்யூ எக்ஸ்1இன் சின்ன எஞ்சின் – 1499. வெசல் – 1496. லெக்ஸஸ் எல்பிஎக்ஸ் – 1490. மெர்சிடிஸ் ஜிஎல்ஏ 180இன் பழைய வார்ப்பு – 1595. எல்லாமே ஏதோ ஒரு கோட்டுக்கு மயிரிழை கீழே வந்து நிற்கின்றன. நம் உற்பத்தி வரி அட்டவணையில் 1000, 1300, 1500, 1600 என்று கோடுகள் உண்டு. கோட்டைத் தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் கட்டுகிற ரூபா கூடும். கம்பனிகள் நம்மை நினைத்து எஞ்சின் வார்க்கவில்லை. ஜப்பானின் வருடாந்தக் கார் வரியும் 1000, 1500, 2000 என்றுதான் படி ஏறுகிறது. ஆனால் அந்த வண்டிகளில் எது இங்கே வரும் என்பதை நம் அட்டவணைதான் தீர்மானித்தது. ஐரோப்பாவில் கியூ2 வாங்கியவருக்கு ஐந்தாறு எஞ்சின் காட்டினார்கள். இங்கே நாம் கண்டதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு லீற்றர்தான். இந்தியாவில் இதே வேலையை நாலு மீற்றர் நீளம் என்ற விதி செய்கிறது. சென்னைத் தெருக்களில் பின்பக்கம் வெட்டி விட்டாற்போல நிற்கிற சின்ன ஜீப்புகள் அந்த விதியின் பிள்ளைகள்.

வரியோ, 2025இல் இறக்குமதி திறந்தபோது, அடுக்கு மேல் அடுக்கு. சுங்கத் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிகம், பிறகு உற்பத்தி வரி, துறைமுகப் பெறுமதி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சொகுசு வரி, இவற்றோடு 18 சதவீத வற். சொகுசு என்றால் என்ன என்று அரசாங்கம் இருக்கையைத் தடவிப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, விலைச்சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அதனால்தான் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குத் தோல் இருக்கை போட்டு, அதை நாம் கோடிக் கணக்கில் வாங்குகிறோம். ஓட்டோவுக்கு மூன்று சில்லு, இதுக்கு மூன்று சிலிண்டர் என்று பாஸ் சிரித்தார்.

நான் சாக்கில் படுத்துப் பார்த்தது அப்படி ஒரு வண்டியைத்தான். இக்மனில் விளம்பரம் பார்த்து மருமகன் பேசிவைத்திருந்தான். துரு மட்டும் என்றால் கழுவித் தேய்த்து மை பூசலாம். எனக்குப் பிடிக்காதது வேறு. இந்த ஐரோப்பிய சின்ன டேர்போக்கள் 95 ஒக்டேன் கேட்கும். நம் பக்கத்து ஷெட்டுகளில் 92 போல அது எப்போதும் கிடைக்கும் என்று நம்பி இருக்க ஏலாது. கணினியைச் செருகிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் பெரும்பாலும் கொழும்பு, 300 கிலோமீற்றருக்கு மேல். அந்த வழியில் மகாஓயாக் காட்டுக்குள் இரவில் ரயர் போனால் என்ன செய்வது? பின்பெட்டியைத் திறந்து பாயைத் தூக்கினேன். ஸ்பெயார் ரயர் இல்லை. ஒரு குட்டிப் பம்பும் பசைப் போத்தலும். யானை பார்த்துக்கொண்டு நிற்க, பசை காயும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. பாஸ் இன்னொன்றும் காட்டினார். சாரதியின் இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்து, அடிநுனியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்த்தார். 2025 நவம்பர் டித்வா புயலில் மேற்கிலும் மலையடியிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. கழுவி, காயவைத்து, வாசனை அடித்து விற்கிறவன் பட்டியை முழுக்க இழுத்துக் கழுவ மறந்துவிடுவானாம். இதில் கோடு இல்லை. ஆனால் பதிவுச் சான்றான சீஆரின் பிரதியில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தது. "அதெல்லாம் ஓபன் பேப்பரில் தாறன் அண்ணன்" என்றார் விற்க வந்தவர். பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றுகிற அந்த ஓபன் பேப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் நான் சாக்கை மடித்துவிட்டேன்.

வெசலைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை ஹைபிரிட்டில் ஏழு கியர், இரட்டைக் கிளச். அதே தொழில்நுட்பம் இருந்த ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா ஒரு வருஷ அளவில் ஐந்து தடவை திரும்ப அழைக்க வேண்டிவந்து, 2014 அக்டோபரில் கம்பனித் தலைவர் தகநோபு இட்டோ தன் சம்பளத்தில் 20 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார். நம் நாட்டில் அந்தக் கிளச் எங்கே நோகும் என்றால், கண்டிக்குப் போகிற பதினெட்டு வளைவிலும் கொழும்பு நெரிசலிலும். ஆரையம்பதியில் இருந்து களுவாஞ்சிகுடிக்குப் போகிறவனுக்கு ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. அதனால்தான் பத்து வருஷமான வெசல்கள் நம் பக்கத்தில் இன்னும் சத்தமில்லாமல் ஓடுகின்றன. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தக் கியர்ப்பெட்டியையே ஹொண்டா தூக்கிவிட்டது. இரண்டு மோட்டார், ஊருக்குள் பெரும்பாலும் மின்சாரமே சில்லைச் சுற்றும்.

அந்தப் பழைய வெசலை ஐம்பது, அறுபது இலட்சத்துக்கு எடுத்தவர்கள் பிறகு அதைக் கோடிக்கு மேல் விற்ற கதை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவே ஐந்து வருஷம் நாட்டில் இருந்த வண்டிகளே நாட்டுக்குள் சுற்றிச் சுற்றி விற்பனையாகின. கார் வாங்கியவன் நகை வாங்கியவன் போல ஆனான். என் கூட்டாளி ஒருவர் வெசலை விற்றுக் கல்லடியில் காணி வாங்கினார். அந்தப் பழக்கத்தில் இப்போதும் பலர், "வித்தா என்ன வரும்?" என்று கேட்டுத்தான் வண்டி எடுக்கிறார்கள். கப்பல் மறுபடி வரத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கு பிழைத்துப்போகும் என்பது என் எண்ணம். 2022இல் கியூஆர் காட்டி வாரம் 20 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும். அப்போது ஹைபிரிட் வைத்திருந்தவன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சார ஜீப் எடுத்தால் என்ன என்றும் மருமகன் கேட்டான். அதற்கு வரி சிசியில் இல்லை, கிலோவாட்டில். கூரையில் சூரியத் தகடு போட்ட வீட்டுக்கு அது நல்ல யோசனை. அக்கா வீட்டுக் கூரை ஓடு. அந்தக் கதை அத்தோடு நின்றது. லெக்ஸஸ் எல்பிஎக்ஸின் விலையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, தோஹாவுக்குத் திரும்புகிற டிக்கட்டின் தேதியைப் பார்க்கத் தொடங்கினான்.

கடைசியில் கொழும்புக்குப் போய் ஒரு 2023 ரீகண்டிஷன் வெசல் பார்த்தோம். ஒக்ஷன் சீட்டைக் கேட்டு வாங்கினேன். கார் சேல்காரர் கிரேட் 4.5 என்ற இலக்கத்தை விரலால் காட்டினார். நான் பார்க்க நினைத்தது வண்டியின் படத்தில் போட்டிருந்த சின்ன எழுத்துக்களை. ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, எக்ஸ்எக்ஸ் என்றால் பலகையே மாற்றியது. எஸ், சி இரண்டும் துரு. வடக்கே ஹொக்கைடோவில் பனி உருக வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே இருந்து வந்த வண்டி நம் கடற்காற்றுக்கு வருமுன்னரே உப்புத் தின்றிருக்கும். இதில் கதவோரம் ஒரு ஏ1 மட்டும். நான் மறுபடி சாக்குக் கேட்டேன். கோட்டுப் போட்ட அந்தத் தம்பிக்கு விளங்கவில்லை; ஒரு மட்டைப் பெட்டியை விரித்துத் தந்தார். அடியில் ஆணிகளின் தலையில் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அடிப்பக்கம் முழுக்க மெழுகுப் பூச்சு அடித்தோம். வானொலிக்கு அலைவரிசை மாற்றி ஒன்று போட்டோம். ஜப்பான் வண்டியின் எஃப்எம் 100ஐத் தொடாது, நம் நிலையங்கள் பலவும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. கந்தசுவாமி கோயிலடியில் தேங்காய் உடைத்தது தனிக் கதை.

அக்காவை முன்னிருக்கையில் ஏற்றினோம். குனியவில்லை, பிடிக்கவும் இல்லை. தானாகவே பக்கவாட்டில் இருந்து காலைத் தூக்கி வைத்தா. மருமகன் பொத்தானை அழுத்தினான். எஞ்சின் சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு பெண்குரல் மட்டும் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொன்னது. அந்நாட்டு நெடுஞ்சாலையில் காசு கழிக்கிற கார்ட் செருகப்படவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிற எச்சரிக்கை அது.

"என்ன கா சொல்லுறா?" என்றா அக்கா.

"காட் போடலையாம் அம்மா."

"போடலாம் பிள்ள, நாளைக்குப் போடலாம்" என்று கண்ணாடிப் பக்கம் பார்த்துச் சொன்னா. "இப்ப மாமாங்கக் கோயிலுக்குப் போயிற்று வருவம்."