பள்ளத்தூர் வளர்த்த ஆச்சி

மன்னார்குடியில் 1937-ல் பிறந்த கோபிசாந்தாவை ஆச்சி மனோரமாவாக ஆக்கியது காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூர். கணவரைப் பிரிந்த தாய் ராமாமிர்தம், கைக்குழந்தையுடன் இங்கே வந்து வீட்டு வேலை பார்த்தார். தாயின் உடல்நலம் கெட்டதும் மகளின் படிப்பு பாதியில் நின்றது. அவரும் வேலைக்குப் போனார்.

அப்போது செட்டிநாட்டில் கலைக்குப் பஞ்சமில்லை. ஏவி.மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் சினிமா ஸ்டுடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' வெளிவந்தது 1947-ல். ஆனால் பள்ளத்தூர்ச் சிறுமிக்குக் கதவைத் திறந்தது சினிமா அல்ல, ஊருக்கு வந்த நாடகம். 'அந்தமான் காதலி'யில் மேடையேறினார். பாட்டும் வசனமும் உடனே கைவந்தன. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு வைரம் நாடக சபா, எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு.

முதலில் ஒப்பந்தமான படங்கள் பாதியிலேயே நின்றுபோயின. 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் தந்தவர் அதே செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டிக்காரரான கவிஞர் கண்ணதாசன். கதாநாயகியாக நடிக்க ஆசைப்பட்டவருக்கு அது ஏமாற்றம். நகைச்சுவைதான் நெடுநாள் நிலைக்கும் என்று கவிஞர் தேற்றியதை மனோரமா பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார்.

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸில் இடம்பெற்றதையே பலரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஒன்றே போதும். அதில் அவர் நடித்த ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் மனோரமா. அந்தக் குழைவான பேச்சில் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பெண்ணை நாம் ஒரு கணமும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. நாதஸ்வரக் கலைஞன் முன்னால் அவர் காட்டும் மரியாதை, ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குத் தரும் மரியாதை. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் எல்லோரும் இருக்கும் படத்தில் அவர் தனியாக நிற்கிறார்.

இது மேடை தந்த பாடம். அங்கே ரீடேக் கிடையாது. எதிரில் இருக்கும் கூட்டம் எங்கே சிரிக்கும், எங்கே அமைதியாகும் என்று ஒவ்வோர் இரவும் கற்றவர் அவர். வட்டார வழக்குகளும் அப்படியே காதில் ஏறின. வானொலி நாடகம் ஒன்றில் அவர் பேசிய செட்டிநாட்டுத் தமிழ்தான் 'ஆச்சி' என்ற அழைப்பைத் தேடித் தந்தது.

'சின்ன கவுண்டர்' படத்தின் தாய் வேடத்துக்காக எத்துப்பல் கட்டிக்கொள்ள அவர் தயங்கவில்லை. தேசிய விருது 'புதிய பாதை'க்குத்தான் கிடைத்தது. முதல் படம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஜில் ஜில் ரமாமணிக்கே அது கிடைத்திருக்க வேண்டும். பத்மஸ்ரீ 2002-ல் வந்தது. 2015 அக்டோபரில் சென்னையில் காலமானார்.