வெளியே தெரியும் பரப்பு எவ்வளவு?

ஓர் உலோகப் பொருளுக்கு நிக்கல் முலாம் பூச வேண்டும். அதை நிக்கல் உப்பு கரைந்த திரவத்தில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துவார்கள். எவ்வளவு மின்சாரம் செலுத்த வேண்டும் என்பது பொருளின் மேற்பரப்பைப் பொறுத்தது. மின்சாரம் மிகுந்தால் முலாம் கருகிச் சொரசொரப்பாகிவிடும். குறைந்தால் போதிய தடிப்பில் படியாது. எனவே, திரவம் படும் பரப்பின் அளவை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

பெட்டி, உருளை போன்ற வடிவங்களின் மேற்பரப்பைக் கண்டறியச் சூத்திரங்கள் உள்ளன. வளைவுகளும் துளைகளும் நிறைந்த இயந்திர உறுப்புக்கு அத்தகைய ஒரே சூத்திரம் இல்லை. இங்குதான் கணினி நிரல் கைகொடுக்கிறது.

கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவத்தின் மேற்பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்துச் சேமிக்கலாம். 1987ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ‘எஸ்.டி.எல்.’ கோப்பு இம்முறையையே பின்பற்றுகிறது. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் எங்கே உள்ளன என்பதைக் காட்டும் எண்கள் அதில் இருக்கும். அவற்றைக் கொண்டு நிரல் பக்கங்களின் நீளத்தைக் கண்டறிகிறது. பிறகு, ஹெரான் சூத்திரத்தால் பரப்பளவைக் கணக்கிடலாம்.

சான்றாக, பக்கங்கள் 3, 4, 5 சென்டிமீட்டர் என்றால், சுற்றளவில் பாதி 6. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 3, 2, 1 கிடைக்கும். இந்நான்கு எண்களின் பெருக்குத்தொகை 36. அதன் வர்க்கமூலமாகிய 6 சதுர சென்டிமீட்டரே பரப்பளவு. ஆயிரக்கணக்கான முக்கோணங்களுக்கும் இவ்வாறே கணக்கிட்டு, நிரல் விரைவாகக் கூட்டிவிடும்.

ஆயினும், இக்கூட்டுத்தொகை எப்போதும் சரியான விடையாகாது. 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேல்முகத்தின் நடுவில், 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்று இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பெரியதன் மேற்பரப்பு 2400. சிறியதன் மேற்பரப்பு 600. மொத்தம் 3000 சதுர சென்டிமீட்டர். ஆனால், இரண்டும் ஒட்டிய இடத்தில் திரவம் படாது. அங்கு இரு பொருள்களிலும் 100, 100 என மறைந்துள்ளன. ஆகவே, வெளியே தெரியும் பரப்பு 2800 மட்டுமே.

மறைந்த முக்கோணத்தை நிரல் எப்படி அறியும்? முக்கோணத்தின் மையப்புள்ளி மற்றொரு பொருளால் மூடப்பட்டிருந்தால், அதை நீக்கிவிடலாம் என்று தோன்றும். பெரிய கனசதுரத்தின் மேல்முகம் இரண்டே முக்கோணங்களால் ஆனது என்றால், அவ்விரண்டின் மையங்களும் சிறிய கனசதுரத்தின் அடியில்தான் இருக்கும். நிரல் 100க்குப் பதிலாக 400 சதுர சென்டிமீட்டரை நீக்கிவிடும். விடை 2500 என வரும். முன்பு மிகுந்த கணக்கு இப்போது குறைந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு, முக்கோணங்களை மேலும் நுணுக்கமாகப் பிரிப்பதாகும். அம்முகத்தை 1 சென்டிமீட்டர் சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் இரு முக்கோணங்களாக்கினால் 800 முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றில் மறைந்துள்ள 200 மட்டும் நீங்கும். சரியான விடையான 2800 கிடைக்கும். வளைந்த பரப்புக்கும் இது பொருந்தும். முக்கோணங்கள் சிறியனவாக ஆக, விடை உண்மையான அளவை நெருங்கும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்.டி.எல். கோப்பில் எண்கள் மட்டுமே உள்ளன. அவை எந்த அலகைச் சார்ந்தவை என்ற குறிப்பு இல்லை. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் எனக் கருதிவிட்டால், கிடைக்கும் பரப்பளவு உண்மையான அளவில் ஏறக்குறைய 645இல் ஒரு பங்காகிவிடும்.

இத்தகைய தவறுகள் நேரும்போதும் கணினி தயங்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். ஆகவே, புதிய நிரலை எழுதியவர் முதலில் கனசதுரம் போன்ற எளிய வடிவத்தின் மேற்பரப்பைத் தாளில் கணக்கிட்டு, நிரலின் விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்நிரலை நம்பிச் சிக்கலான உறுப்புகளைக் கணக்கிடலாம்.