கைக்கு எட்டும் எச்சரிக்கை

கண்ணொளி இழந்தோர்க்குச் செவியே வழிகாட்டி என்பர். செவியும் இழந்தோர்க்கு? எஞ்சிய வாயில் தொடுவுணர்ச்சி ஒன்றே. ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அவர்க்குப் பயன்படாது.

தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 2014-இல் வெளிவந்த 'ஸ்மார்ட் கேன்' இவ்வகையில் நம் கருத்திற்குரியது. வெள்ளைக் கோலின் பிடியில் பொருத்தப்படும் இச்சிறு கருவி, செவிக்கு எட்டாத மீயொலி அலைகளை முன்னே செலுத்துகிறது. அவை தடையில் மோதி மீளும் காலத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஏறத்தாழ 3 மீட்டருக்குள் தடையிருப்பின் பிடி அதிரும். தொலைவு குறையக் குறைய அதிர்வும் மாறும். வெறுங்கோல் முழங்காலுக்குக் கீழுள்ளதையே அறியும். இதுவோ தாழ்ந்த மரக்கிளையையும், திறந்த சன்னற் கதவையும் தலை மோதுமுன் உணர்த்தும்.

எனினும், பள்ளத்தை இது காட்டாது. அதற்குக் கோலின் நுனியே துணை. எத்தெரு என்பதையும் சொல்லாது. ஆகவே பயிற்சியும் மனிதத் துணையும் இன்றியமையாதன.

பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தோரின் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. அயல்மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், மொழி அறியோம் எனத் தயங்கி அத்தகையோரை உள்ளறையில் இருத்திவிடலாகாது. தொடுவுணர்ச்சிக்கு மொழிபேதம் இல்லையன்றோ?