உங்க அக்கவுண்ட்ல 'கிரெடிட்' காட்டுதா? அது வரவா, கடனா?



போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி என் சித்தி பையன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. கைக்கு வர்ற சம்பளம் 31,000. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, ஆப்ல 1,20,000 கிரெடிட் காட்டுதுக்கா. புது போன் வாங்கிடலாம்ல?"

எனக்கோ ரிட்டர்ன் தாக்கல் சீசன். மேஜை முழுக்க ஃபைல். கம்பெனியில் ஏதோ போனஸ் போட்டிருக்காங்கன்னு நினைச்சு, "சரிடா, பார்த்து செலவு பண்ணு"ன்னு சொல்லி வெச்சுட்டேன். சிஏ படிச்சவ சொன்ன பதில் அவ்வளவுதான்!

அது போனஸ் இல்லை. அவனோட கார்டு ஆப்ல 'அவைலபிள் கிரெடிட்'னு ஒரு வரி இருக்குமே, அது. அதுல போன், அம்மாவுக்கு ஒரு கிராம் தங்கக் காசு, எல்லாருக்கும் துணின்னு 60,000 போச்சு. ஏப்ரல்ல திரும்பக் கூப்பிட்டான். "மாசாமாசம் ஒழுங்கா கட்டிட்டுத்தான் இருக்கேன், ஆனா குறையவே மாட்டேங்குது"ன்னான். அப்போதான் எனக்கு விஷயமே தெரிஞ்சது.

அவனை முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 'கிரெடிட்'ங்கிற வார்த்தை அப்படி. சம்பளம் வந்தா 'கிரெடிட் ஆயிடுச்சு'. கடன் வாங்கினாலும் கிரெடிட்தான். பிடிச்ச டிடிஎஸ் நம்ம வரிக் கணக்குல ஏறினா 'டாக்ஸ் கிரெடிட்'. சட்டையைத் திருப்பிக் கொடுத்தா கடையில் தர்ற சீட்டு 'கிரெடிட் நோட்'. நீங்க ராத்திரி உட்கார்ந்து முடிச்ச வேலைக்கு டீம் லீட் வாங்கிக்கிட்டுப் போறதும் கிரெடிட்தான். (கடைசியா சொன்னதுக்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை, மன்னிக்கவும்.)

தமிழ்ல இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கு. பாஸ்புக்ல பணம் ஏறினா அது வரவு. கிரெடிட் கார்டுக்கு அரசுத் தமிழ்ல பேரு கடன் அட்டை. ஒண்ணு கேட்டா மனசு குளிருது, இன்னொண்ணு கேட்டா வயித்தைக் கலக்குது. இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அந்த ஆப்ல 'உங்களுக்கு 1,20,000 கடன் தரத் தயார்'னு தமிழ்ல போட்டிருந்தா, அவன் அந்தக் குரல்ல எனக்குப் போன் பண்ணியிருப்பானா?

யாரோட நோட்டுப் புத்தகம்?

லத்தீன்ல 'நம்பு' என்கிற சொல்லிலிருந்து வந்ததுதான் கிரெடிட். நம்பிக் கொடுத்தது. எங்க தாத்தா ராஜபாளையத்துல மளிகைக் கடை வெச்சிருந்தார். கடை வாசல்ல 'இன்று ரொக்கம், நாளை கடன்'னு போர்டு. உள்ளே கல்லாப் பெட்டி பக்கத்துல நீளமா ஒரு பேரேடு. போர்டு தெரியாதவங்களுக்கு, பேரேடு தெரிஞ்சவங்களுக்கு! நாணயமான ஆளுன்னு தாத்தா நினைச்சா மட்டும்தான் அதுல ஒரு பக்கம் திறக்கும். நாணயம்னா காசு, நாணயம்னா வாக்குச் சுத்தம். யோசிச்சுப் பார்த்தா கிரெடிட்டுக்குச் சரியான தமிழ் அதுதானோ என்னவோ.

அந்தப் பேரேட்டில் ஒருத்தர் சரக்கு எடுத்தா அவர் பேர்ல பற்று. பணம் கொடுத்தா வரவு. பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. 1494-ல் வெனிஸ்ல அச்சான லூக்கா பாசியோலியோட கணக்குப் புத்தகத்திலும் இதே சங்கதிதான், பிளஸ் ஒன் காமர்ஸ்ல படிச்சதும் இதேதான்.

இப்போ பேங்குக்கு வாங்க. உங்க சம்பளம் அக்கவுண்ட்ல விழும்போது நீங்க பேங்குக்குப் பணம் தந்தவர். அதனால பேங்க் தன்னோட நோட்டுல உங்க பேர்ல 'வரவு' எழுதுது. அதாவது பேங்க் உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. பாஸ்புக் உங்க கையில இருந்தாலும் அது பேங்கோட கணக்கின் நகல். (பேங்க் திவாலானா ஒரு ஆளுக்கு ஒரு பேங்குல 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ். 2020 பிப்ரவரிக்கு முன்னாடி அது வெறும் 1 லட்சம்.)

கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது என்ன ஆகுது? கடைக்காரருக்குப் பேங்க் உங்களுக்காகப் பணம் கொடுக்குது. பெற்றவர் நீங்க. அதனால உங்க கார்டு கணக்குல விழுறது பற்று, அதாவது டெபிட்! ஸ்டேட்மெண்டைத் திறந்து பாருங்க. நீங்க வாங்கின ஒவ்வொண்ணும் டெபிட் பக்கம். நீங்க பில் கட்டினது மட்டும்தான் 'சிஆர்'னு கிரெடிட்டா நிக்கும். பேருதான் கிரெடிட் கார்டு, ஒவ்வொரு தேய்ப்பும் டெபிட்.

அதனால கிரெடிட்னு எங்கே பார்த்தாலும் நான் இப்போ கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இது யாரோட நோட்டு, அதுல தந்தவர் யார்? தந்தவர் நீங்கன்னா வரவு. இனிமேதான் அவங்க தரப் போறாங்கன்னா கடன்.

அந்த 60,000 எங்கே போச்சு?

பில் 60,000. அதுக்குக் கீழே 'மினிமம் டியூ 3,000'. தம்பி அதைத்தான் மாசத் தவணைன்னு நினைச்சுக்கிட்டான். மாசம் தவறாம அதே 3,000, அஞ்சு மாசம் கட்டியிருக்கான். புதுசா எதுவும் வாங்கலை.

மாசம் 3.5 சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம், நிறைய கார்டுகள்ல இந்த அளவுதான். முதல் 3,000 கட்டினதும் பாக்கி 57,000. அதுக்கு ஒரு மாச வட்டி 1,995. வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 359. ஆக 2,354. அடுத்த மாசம் கட்டின 3,000-ல் அசலுக்குப் போனது வெறும் 646 ரூபாய்! இப்படியே போட்டுப் பார்த்தா, அஞ்சு மாசத்துல கட்டினது 15,000. அதுல வட்டிக்கும் வரிக்கும் மட்டும் சுமார் 9,250. இன்னும் பாக்கி 54,250-க்குப் பக்கம். முழுசா கட்டலைன்னா பொருள் வாங்கின தேதியிலிருந்தே வட்டி போடுவாங்க, அதை நான் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்லை.

வருஷத்துக்கு 42 சதவீதம். இதுக்கு உச்சவரம்பு இல்லையான்னு கேப்பீங்க. 30 சதவீதத்துக்கு மேல வாங்கறது நியாயமற்ற வணிகம்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து செஞ்சிடுச்சு. ஆக, அந்த வழியில் யாரும் வந்து காப்பாத்தப் போறதில்லை.

இதுல எனக்கு நெஞ்சு அடைச்ச இடம் வேற. அவன் பேர்ல சித்தி சேர்த்து வெச்ச ஒரு ஆர்டி இருந்தது, 48,000 சொச்சம். 'அது சேமிப்பு, தொடக் கூடாது'ன்னு விட்டு வெச்சிருக்கான். சுமார் 7 சதவீதத்துக்கு ஒரு பக்கம் சேர்த்துக்கிட்டே, இன்னொரு பக்கம் 42 சதவீதம் கட்டிக்கிட்டு! சித்தி கிட்ட நானே பேசினேன். முதல்ல அழுதாங்க, அப்புறம் என்னைத் திட்டினாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. ஆர்டியை உடைச்சு, மிச்சத்தை அந்த மாசச் சம்பளத்துல போட்டு, கார்டை ஒரேயடியா முடிச்சோம். உங்களுக்கு உடைக்க ஆர்டி இல்லைன்னா, பாக்கியை இஎம்ஐ-யா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, இல்லைன்னா பர்சனல் லோன் வட்டியோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுலயும் ப்ராசசிங் கட்டணம் உண்டு. அப்படியும் பெரும்பாலும் 42-ஐ விடக் குறைவாத்தான் வரும்.

இன்னொண்ணு. லிமிட்டை ஏத்துறதுக்கு உங்க சம்மதம் கட்டாயம்னு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதியிலேயே இருக்கு. 'வாழ்த்துகள்'னு வர்ற மெசேஜ்ல அவசரமா 'எஸ்' அழுத்திட வேண்டாம்.

வரவுன்னு நினைச்சு வராமப் போனது

இது என் சொந்தக் கதை. சிஏ முடிச்சு நான் முதல்ல சேர்ந்த கம்பெனியில் மாசாமாசம் சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சாங்க. பே-ஸ்லிப்ல அழகா இருந்தது. ரிட்டர்ன் போட உட்கார்ந்து 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தா, கடைசி ரெண்டு காலாண்டு காலி! பிடிச்சவங்க அரசுக்குக் கட்டலை. பிடிச்ச பணத்தை உங்க பான் நம்பர்ல கட்டி, டிடிஎஸ் ஸ்டேட்மெண்டும் தாக்கல் பண்ணாத்தான் உங்க கணக்குல டாக்ஸ் கிரெடிட் ஏறும். இங்கே நோட்டு அரசாங்கத்தோடது. பே-ஸ்லிப் வேற யாரோ எழுதின துண்டுச் சீட்டு.

எனக்கு டிமாண்ட் நோட்டீஸ் வந்தது. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறவளுக்கு வரி பாக்கின்னு நோட்டீஸ். வெளியே சொல்லவே கூச்சமா இருந்தது. நல்லவேளை, 1961 வருமான வரிச் சட்டத்துல 205-வது பிரிவு இருந்தது: சம்பளத்துல பிடிச்சாச்சுன்னா, அந்தத் தொகையைத் திரும்பவும் ஊழியர்கிட்ட நேரடியா வசூலிக்கக் கூடாது. ஆனா 'பிடிச்சாங்க'ன்னு நிரூபிக்கிறது நம்ம வேலை. பே-ஸ்லிப், சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மெண்ட், எச்ஆர் மெயில் எல்லாம் வெச்சுப் பதில் போட்டேன். கம்பெனி தாமதமா பணத்தைக் கட்டி ஸ்டேட்மெண்டைத் திருத்தின பிறகுதான் என் பேர்ல வரவு ஏறுச்சு.

வேலை மாறுறதுக்கு முன்னாடி பே-ஸ்லிப் எல்லாத்தையும் உங்க சொந்த மெயிலுக்கு இறக்கிக்கோங்க. கம்பெனி லாகின் போன பிறகு யாரும் தர மாட்டாங்க. காலாண்டுக்கு ஒரு தடவை வரித்தளத்துல லாகின் பண்ணி டிடிஎஸ் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏப்ரலில் பிடிச்சது மே மாசமே தெரியலையேன்னு பதற வேண்டாம். காலாண்டு ஸ்டேட்மெண்ட் தாக்கலான பிறகுதான் வரும்.

வராத வரவுக்கு வந்த போன்

'உங்க அக்கவுண்ட்ல 10,000 கிரெடிட் ஆகியிருக்கு'ன்னு ஒரு எஸ்எம்எஸ். அடுத்த நிமிஷம் ஒரு போன்: "சார், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பணம், நம்பர் மாறிப் போச்சு, திருப்பி அனுப்புங்க." குரல் தழுதழுக்கும். நம்ம ஆட்கள் இரக்கப்பட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் பார்த்தா பணம் வரவே இல்லை, எஸ்எம்எஸ் மட்டும்தான் வந்திருக்கு. அந்த எஸ்எம்எஸ் பேங்கோட நோட்டே இல்லை. உங்க பேங்க் ஆப்பை நீங்களே திறந்து பேலன்ஸ் பாருங்க. நிஜமாவே தெரியாத பணம் வந்திருந்தாலும் நீங்களா அனுப்பாதீங்க, பேங்குக்கு எழுதிச் சொல்லுங்க. அது வேற யாரையோ ஏமாத்தின பணமா இருந்தா உங்க அக்கவுண்டையே முடக்கிடுவாங்க. ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

கிரெடிட் நோட் பத்தி ஒரே ஒரு வரி: அது வரவுதான், ஆனா அந்தக் கடைக்குள்ள மட்டும் செல்லும், பெரும்பாலும் தேதியும் போட்டிருக்கும்.

மிச்சம் இருக்கிறது கிரெடிட் ஸ்கோர். இது வரவும் இல்லை, கடனும் இல்லை. தாத்தா மனசுக்குள்ள போட்ட நாணய மதிப்பெண்ணை இப்போ 300-லிருந்து 900-க்குள்ள ஒரு நம்பரா நாலு கம்பெனிகள் போடுறாங்க. சிபில் ஒண்ணு, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் மத்த மூணு. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொரு கம்பெனியும் இலவசமா தரணும். அதுக்காக யாருக்கும் காசு கட்டாதீங்க. உங்களுது இல்லாத லோன் அதுல இருந்தா புகார் கொடுங்க. 30 நாளைக்குள்ள தீர்க்கலைன்னா நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தாத்தா கிட்ட அந்த வசதி இல்லை. அவர் பக்கத்தை மூடினா மூடினதுதான்.

போன வாரம் தம்பி வாட்ஸப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கார்டு ஸ்டேட்மெண்ட். 'பாக்கி 312 சிஆர்'.

"அக்கா, இது வரவா, கடனா?"

"வரவுடா. 312 ரூபாய் கூடுதலா கட்டிட்ட. பேங்க்தான் உனக்குத் தரணும்."

"அப்போ வட்டி தருவாங்களா?"

"தர மாட்டாங்க."

"ஓ"ன்னு மட்டும் போட்டான்.